பல் முளைக்கும் வரை

ஷீலாவை யாரும் கயிறு போட்டுக் கட்டவில்லை. நம் பக்கத்தில் ஒரு பெண்ணைக் கட்டிப் போடக் கயிறு எதற்கு? "நீ மட்டும் இல்லன்னா இந்தக் குடும்பம் இன்னா கதி ஆயிருக்கும்மா" என்று நாலு பேர் மாற்றி மாற்றிச் சொன்னால் போதும், அவளே உட்கார்ந்துவிடுவாள். செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் ஷீலா அப்படித்தான் ஐந்து வருஷமாக உட்கார்ந்திருந்தாள்.

அது அவளுடைய அக்கா வினிதாவின் வீடு. அக்கா உயிரோடு இருந்தவரை ஷீலா அங்கே ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி மட்டும்தான். தாம்பரத்தில் கேட்டரிங் படித்துவிட்டு, கோவளத்துப் பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றின் சமையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். தட்டு துடைக்கிற இடத்தில் ஆரம்பித்து, கல்யாண கேக்குக்குப் பூ வேலை செய்கிற இடத்துக்குத் தன் கைத்திறமையாலேயே வந்துவிட்டாள். அவள் கிரீமில் ஒரு மல்லிகைச் சரம் போட்டால் தலையில் வைத்துக்கொள்ளக் கை போகிறது என்று கூட வேலை பார்த்த சுப்ரஜா கேலி செய்வாள். படப்பையில் இருந்த அம்மா செல்லம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "பொண்ணு இன்னா பண்றா" என்று சபையில் கேட்பவர்களிடம், "கேக்கு சுட்டுக்கினு கீறா" என்று சலித்துக்கொள்வாள். ஷீலா அதைக் காதில் வாங்குவதில்லை.

ஒரு மழைக்காலத்தில் வினிதாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆறு வயசு ஹெப்சியையும், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் ஷிஃப்டாக மாறி மாறி வேலைக்குப் போகும் கணவன் அசரியாவையும் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய கையோடு செல்லம்மா ஹெப்சியின் கையைப் பிடித்து ஷீலாவின் கையில் வைத்தாள். "புள்ள கொஞ்சம் தேறட்டும். அதுவரைக்கும் கூட இரு." அந்த நேரத்தில் யாரால் மறுக்க முடியும்? ஷீலா ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு வந்தாள். உன் இடம் அப்படியே இருக்கும், வந்துவிடு என்று ரிசார்ட்டிலும் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

தாயில்லாப் பிள்ளை என்றால் ஊரே இளகிவிடும். துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. கீழ் வீட்டுக்காரர், சபைப் பெண்கள், அசரியாவின் கம்பெனி நண்பர்கள், ஆளுக்கொரு சாக்லேட். பிள்ளையின் உதடு பிதுங்கத் தொடங்கியதும் யாராவது ஒருவர் உறையைப் பிரித்து வாயில் வைத்துவிடுவார்கள். ஹெப்சிக்கு அழவே நேரமில்லை, வாயில் எப்போதும் ஏதோ ஒன்று கரைந்துகொண்டே இருந்தது. அடுத்த வருஷத்துக்குள் கீழே இடப்பக்கத்துப் பால் கடைவாய்ப் பல் சொத்தையாகி, சீழ் வைத்து, கன்னம் பூரி மாதிரி உப்பிவிட்டது.

வேளச்சேரி ரோட்டில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் குழந்தைகளுக்கென்றே பல் பார்க்கும் டாக்டர் விஷ்ணுப்ரியாவின் கிளினிக். காப்பாற்ற முடியாது என்று பல்லை எடுத்தார். எடுத்த பிறகு, "இந்த இடத்துல ஒரு ஸ்பேஸ் மெயின்டெய்னர் போடணும்" என்றார்.

துணைக்கு வந்திருந்த செல்லம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பால் பல்லுதானே டாக்டரம்மா. வுழுந்தா தன்னால மொளைக்கப் போவுது. இதுக்குப் போயி இன்னாத்துக்குக் கம்பி?"

"முளைக்கும்மா. ஆனா எப்போ? இங்க வர வேண்டிய பல்லு பதினோரு வயசு வாக்குலதான் வரும். பாப்பாவுக்கு இப்போ ஏழு. நாலு வருஷம் இடம் காலியா கிடந்தா, பின்னாடி புதுசா முளைச்சிருக்கிற பெரிய பல்லு சும்மா இருக்குமா? முன்னால சாய்ஞ்சு வந்து உக்காந்துக்கும். அப்புறம் நியாயமா வர வேண்டிய பல்லுக்கு இடமே இருக்காது. ஒண்ணு ஈறுக்குள்ள மாட்டிக்கும், இல்ல கோணலா வெளிய வரும்."

செல்லம்மாவின் முகம் தெளியவில்லை. டாக்டர் சிரித்தார். "பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிப்பாங்கல்ல? பால் பல்லு மெல்லுறதோட சேத்து அந்த வேலையையும்தான் பாத்துக்கிட்டிருந்தது. இப்போ துண்டு போயிடுச்சு. வேற துண்டு போடறோம், அவ்வளவுதான்."

தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் துண்டு போட்டு இடம் பிடித்தே பாதி வயசைக் கழித்த செல்லம்மாவுக்கு அது விளங்கிவிட்டது. டாக்டர் மேஜையிலிருந்த மாதிரியைக் காட்டினார். பின்னால் இருக்கும் பெரிய பல்லைச் சுற்றி ஒரு வளையம். அதிலிருந்து கிளம்பி, காலி இடத்தைத் தாண்டி, அதற்கு முன்னால் இருக்கும் பல்லின் முதுகில் போய் ஒட்டி நிற்கும் ஒரு வளைந்த கம்பி. "இது பல்லு இல்ல. கடிக்காது, மெல்லாது. இடத்தை மட்டும் பாத்துக்கும்" என்றார்.

அளவெடுத்து, அடுத்த வாரம் மாட்டுவதற்கு வரச் சொன்னார். அன்றைக்கு ஹெப்சி வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டு ஷீலாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கோவளம் போயிடுவே. பாட்டி போன்ல சொன்னாங்க. நான் கேட்டேன்."

வெளியே நாலைந்து பிள்ளைகள் காத்திருந்தன. டாக்டர் கையில் கம்பியை ஒட்டக் குழைத்த சிமென்ட் காய்ந்துகொண்டிருந்தது. ஷீலாவுக்கு அந்த நேரத்தில் வாயில் வந்தது இதுதான்: "போக மாட்டேன். உனக்கு இந்த இடத்துல பல்லு முளைக்கிற வரைக்கும் நான் எங்கயும் போக மாட்டேன். போதுமா?"

ஹெப்சி வாயைத் திறந்தாள். கம்பி உட்கார்ந்தது.

சூயிங்கம் கூடாது, கமர்கட் கூடாது, கடலை மிட்டாயின் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆறு மாசத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். "முக்கியமான விஷயம் ஷீலா, அடியில வெள்ளையா பல்லு எட்டிப் பாத்ததும் உடனே கூட்டிட்டு வந்துடுங்க. எடுத்துடணும். எடுக்காம விட்டா, இடம் பிடிச்சு வெச்ச கம்பியே வர்ற பல்லுக்கு இடைஞ்சலாயிடும்." ஷீலா தலையாட்டினாள். அந்த வார்த்தை அப்போது அவள் மனசில் தங்கவில்லை. தங்கியது நாலு வருஷம் என்பது மட்டும்தான்.

பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொன்ன பேச்சு, கொஞ்ச நாளில் ஷீலாவுக்கே பிடிமானமாகிவிட்டது. ரிசார்ட்டில் அவள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, எத்தனை நாளைக்குத்தான் காலியாக வைத்திருப்பார்கள்? அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து, நாலு வருஷம்தானே, பல் வந்ததும் கிளம்பிவிடலாம் என்று முகம் கழுவிக்கொண்டாள்.

காலையில் ஹெப்சிக்கு டிபன் பாக்ஸ், அசரியாவின் ஷிஃப்டுக்குத் தகுந்தபடி சாப்பாடு, சாயங்காலம் ஹோம்வொர்க், ஞாயிறு கோயில். அக்காவின் பீரோவில் அக்காவின் புடவைகள் அப்படியே இருந்தன. எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. ஷீலாவின் துணிகள் கட்டிலுக்கு அடியில், அவள் கொண்டுவந்த பையிலேயே கிடந்தன. பீரோவில் ஒரு தட்டை ஒழித்துக்கொள் என்று அசரியா ஒருமுறை சொன்னான். அவள் மறுத்துவிட்டாள். பையிலிருந்து எடுத்து, உடுத்தி, துவைத்து, மறுபடி பையிலேயே வைத்தாள். பை இருக்கும்வரை கிளம்ப முடியும் என்று ஒரு நினைப்பு.

தினமும் சாயங்காலம் ஹெப்சியை ஆ காட்டச் சொல்லி, செல்போன் வெளிச்சத்தில் கம்பிக்கு அடியில் பார்ப்பாள். பெற்றவளுக்கு மேலே பார்த்துக்கொள்கிறாள் என்று கீழ் வீட்டு அம்மா தெருவெல்லாம் சொன்னார்கள். அவள் எதைப் பார்த்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். ஜெயிலில் இருப்பவன் காலண்டரைப் பார்க்கிற மாதிரி அந்த ஈறைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பிள்ளையின் நெற்றியில் முத்தம் கொடுக்கும்போது அவளுக்கே தன்மேல் வெட்கமாக இருக்கும். முத்தமும் பொய் இல்லை, அதுதான் பெரிய பேஜார்.

மூன்றாவது வருஷ நினைவு ஆராதனை முடிந்ததும் செல்லம்மா ஆரம்பித்தாள். "பேசாம மாமாவையே கட்டிக்கோடி. வூடு கீது, புள்ள கீது. கூப்புடற மொறையக்கூட மாத்தத் தேவல. சித்தி சித்தியாவே இருக்கலாம்."

அம்மா தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்து ஷீலா சிரித்துவிட்டாள். அது போதாதா? நம் ஜனங்களிடம் பெண் சிரித்தால் சம்மதம், அழுதால் வெட்கம், பேசாமல் இருந்தால் அடக்கம். மாட்டேன் என்பதற்கு ஒரு முகத்தை மட்டும் யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. அக்கா போனால் தங்கை என்பது அவர்கள் உறவில் புதுசும் இல்லை. அப்பா சுவிசேஷமுத்து சபை மூப்பரிடம் பேசினார், மூப்பர் போதகர் ஐயரிடம் பேசினார். ஷீலாவிடம் யாரும் கேட்கவில்லை. அசரியாவாவது மோசமான ஆளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டாவது போயிருப்பாள். அவனோ சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறவன், அவள் இருக்கும் அறைக்குள் வரும்போது இருமிவிட்டு வருகிறவன். கல்யாணப் பேச்சு வந்தபிறகு அவளை நிமிர்ந்து பார்ப்பதையே நிறுத்திவிட்டான். எங்கே முட்டிக்கொண்டு வெளியே போவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

ஹெப்சிக்குப் பதினோரு வயசு முடிந்தது. அந்தச் சமயம் பார்த்து சுப்ரஜா கூப்பிட்டாள். ரிசார்ட்டை விட்டு வந்து கோவளத்திலேயே சின்னதாக பேக்கரி போட்டிருந்தாள். "ஜூன்ல சீசன் ஆர்டர் எல்லாம் வருதுடி. அதுவரைக்கும் உனக்காக வேற ஆள் போடாம இருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது." ஷீலா, பாப்பாவுக்குப் பல்லு வந்ததும் வந்துவிடுகிறேன் என்றாள். எதிர்முனையில் சுப்ரஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஆனால் பல் வரவில்லை. வந்ததா என்று பார்க்கவும் வழியில்லை. "நான் பெரிய பொண்ணாயிட்டேன், வாயெல்லாம் காட்ட மாட்டேன்" என்று ஹெப்சி முறுக்கிக்கொண்டாள். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் பல் தேய்த்தாள். டாக்டரிடம் மாற்றி மாற்றி நாள் வாங்கினால் ஒருமுறை காய்ச்சல், ஒருமுறை யூனிட் டெஸ்ட், ஒருமுறை டான்ஸ் ரிகர்சல். ஷீலாவும் அழுத்திக் கேட்கவில்லை, கல்யாணப் பேச்சின் கலக்கத்தில் அவளுக்கு எதுவும் ஓடவில்லை. ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து மதியம் பெரியவர்கள் வந்து கல்யாணத்துக்கு ஜூனில் நாள் குறிப்பதாக ஏற்பாடாகியிருந்தது.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. காலையில் ஹெப்சி தோசையைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி, ஒரு பக்கமாகவே அதக்கிக்கொண்டிருந்ததை ஷீலா பார்த்தாள். குளியலறையில் அவளுடைய பிரஷ்ஷில் ரத்தம் இருந்தது. தாடையைப் பிடித்துத் திருப்பினாள். இடக்கன்னம் லேசாக வீங்கியிருந்தது. ஹெப்சி கையைத் தட்டிவிட்டாள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்த அசரியாவை எழுப்பி, மூன்று பேரும் ஒரே வண்டியில் கிளினிக்குக்குப் போனார்கள்.

டாக்டர் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தார்.

"பல்லு வந்து மாசக்கணக்காகுது ஷீலா. பாதி மேல வந்தாச்சு. கம்பி வழி விடாததால சாய்ஞ்சு வந்திருக்கு. ஈறு வேற கம்பி மேல ஏறி மூடிடுச்சு. பயங்கரமா வலிச்சிருக்குமே. பாப்பா, உனக்கு வலிக்கலையா?"

ஹெப்சி இல்லை என்று தலையாட்டினாள்.

"சாப்பிடறப்பகூட?"

அதற்கும் இல்லை.

மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி, ஈறை விலக்கி, வளையத்தை நெம்பி எடுத்தார். ஹெப்சி ஒரு சத்தமும் போடவில்லை. கம்பியைப் பஞ்சில் துடைத்துக் காட்டினார். "அவ்வளவுதான்டா. இனிமே இது உனக்கு வேணாம். பல்லு கொஞ்சம் கொஞ்சமா தானே நேராகிடும்."

ஹெப்சி எழுந்து உட்கார்ந்தாள். வலக்கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள். "டாக்டர், இந்தப் பக்கம் ஒண்ணு போடுவீங்களா?"

"அந்தப் பக்கம் எல்லாம் ஒழுங்கா இருக்கேடா. எதுக்கு?"

"சும்மா. ஒரு நாலு வருஷத்துக்கு."

டாக்டர் சிரித்தார், பக்கத்தில் நின்ற நர்ஸும் சிரித்தாள். ஷீலாவால் சிரிக்க முடியவில்லை. இதே நாற்காலியில், இதே விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்த ஏழு வயசுப் பிள்ளைக்குத் தான் சொன்ன வார்த்தை அவளுக்கு ஞாபகம் வந்தது. தனக்கு விடுதலை நாளாக இருந்தது எதுவோ, அதையே இந்தப் பிள்ளை பயந்து பயந்து வாய்க்குள் மறைத்து வைத்திருக்கிறது.

ஷீலா படியிறங்கினாள். இடம் பிடித்த கம்பியே இடைஞ்சலாகும் என்று டாக்டர் அன்றைக்குச் சொன்னது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. ஷீலா இருக்கிறாள் என்பதால் அசரியா ஒருநாளும் ஷிஃப்டை மாற்றிக் கேட்டதில்லை. ஷீலா இருக்கிறாள் என்பதால் அக்காவின் பீரோவை யாரும் திறக்கவில்லை. அக்காவின் இடத்தைப் பார்த்துக்கொள்ள வந்து, அந்த இடத்தில் வேறு எதுவும் முளைக்க விடாமல் நின்றிருக்கிறாள். கோபம் வந்தது, எல்லோர் மேலும் வந்தது, தன் மேல்தான் அதிகம்.

கீழே அசரியா வண்டியில் சாய்ந்து நின்றான். செல்போன் அடித்தது. செல்லம்மா.

"நாளிக்கு அப்பாவும் மூப்பரும் வந்துகினு கீறாங்க. கோழி சொல்லி வெச்சுட்டியா?"

"அம்மா, அவங்களை வர வேணாம்னு சொல்லு. நான் மாமாவைக் கட்டிக்க மாட்டேன்."

"இன்னாடி இது, கடைசி நேரத்துல? இத்தினி நாளு வாயத் தொறக்காம?"

"யாரும் என்னைக் கேக்கலம்மா."

"அப்போ புள்ள?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அசரியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றான். வெகுநாளைக்குப் பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீ சரின்னுட்டேன்னு சொன்னாங்க ஷீலா. நான் உன்கிட்டயே கேட்டிருக்கணும்."

"நீங்க சரின்னுட்டீங்கன்னுதான் என்கிட்டயும் சொன்னாங்க மாமா."

அவன் தலையைச் சொறிந்தான். "ஜெனரல் ஷிஃப்ட் கேட்டுப் பாக்கறேன். இதுவரைக்கும் நான் கேட்டதே இல்ல" என்றான். பிறகு மருந்து வாங்குவதற்காகக் கடைக்குள் போனான்.

ஹெப்சி கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். சின்ன பிளாஸ்டிக் கவரில் கம்பி அவள் கையில் இருந்தது. ஷீலா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பல்லு வந்தது உனக்கு எப்போ தெரியும்?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாடியே."

"ஏன்டா சொல்லல?"

"பல்லு வந்தா நீ போயிடுவேன்னு சொன்னல்ல?"

போக மாட்டேன் என்ற வார்த்தை ஷீலாவின் நாக்கு நுனி வரை வந்தது. சொல்வது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தெரியும், ஒருமுறை சொன்னவள்தானே. விழுங்கிக்கொண்டாள்.

"போறேன்டா. ஆனா பல்லு வந்ததால இல்ல. எனக்குப் போகணும்னு இருக்கு, அதனால போறேன். ஜூன்ல. லீவு நாள்ல எல்லாம் வருவேன். நீயும் அங்க வரலாம்."

ஹெப்சி கம்பி இருந்த கவரை மடித்து மடித்துப் பிரித்தாள். ரோட்டில் பஸ் ஒன்று புழுதி கிளப்பிப் போனது. பிறகு எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்கடையைக் கைகாட்டி, "இனிமே நான் கடலை மிட்டாய் சாப்பிடலாம்தானே?" என்று கேட்டாள்.

ஷீலா ரோட்டைக் கடந்து போய் ஒன்று வாங்கி வந்தாள். சின்னதாக உடைத்து, வலப்பக்கம் வைத்து மெல்லச் சொல்லிக் கொடுத்தாள். ஹெப்சி ரெண்டு கடி கடித்தாள். மிட்டாயை நாக்காலேயே இடப்பக்கம் தள்ளிக் கடித்தாள். ஜெல்லின் வேகம் குறைந்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"வலிக்குதா?"

இல்லை என்று ஆட்டப்போன தலை பாதியில் நின்றது.

"வலிக்குது சித்தி" என்றாள் ஹெப்சி. "ரொம்ப நாளா வலிக்குது."

சொல்லிவிட்டு, வாயில் மிட்டாயோடு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஓவென்று அழுதாள். பெட்டிக்கடைக்காரர் பதறிப்போய் ரோட்டைக் கடந்து ஓடிவந்து சாக்லேட் ஒன்றை நீட்டினார். ஷீலா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அழட்டும் என்று பிள்ளையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.